முதல் திரையில் எதைக் காட்டுவது

நாகர்கோவிலில் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தனியார் மருத்துவமனையில், கணினிகளுக்கான பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பை நிறுவி முடித்த அன்று மாலை எனக்குப் பெருமையாக இருந்தது. நாற்பது சொச்சம் கணினிகள், இரண்டு சர்வர்கள், வாசலில் ஒரு ஃபயர்வால், நோயாளிகள் முன்பதிவு செய்வதற்காக இணையத்தில் இருக்கும் ஒரு சர்வர் என எல்லாமே ஒரே திரைக்கு வந்து பேசத் தொடங்கியிருந்தன. வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததெல்லாம் இப்போது தெரிகிறதே என்று மகிழ்ந்தேன்.

இரவுப் பணியில் இருந்த தம்பியிடம் திரையை ஒப்படைத்தேன். அவருக்கு அச்சுப்பொறி தகராறு முதல் இணையம் அறுந்துபோவது வரை எல்லாமே வேலைதான். பாதுகாப்பு அவருடைய தனித்துறை அன்று. சிறிது நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எல்லாமே சிவப்பாத்தான் இருக்கு. இதுல எத பாக்கணும்னு சொல்லுங்க" என்று கேட்டார். "எல்லாத்தையும் ஒரு பார்வை பாத்துக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதிலை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. அதை நான் அவர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு, இரண்டு மணியைத் தாண்டிய நேரத்தில், பில்லிங் சர்வரில் புதிய பயனர் கணக்கு ஒன்று திறக்கப்பட்டது. விண்டோஸ் அதை 4720 என்ற எண்ணுடன் ஒழுங்காகப் பதிவு செய்தது. கண்காணிப்பு அமைப்பும் அதை எடுத்துத் திரையில் வைத்தது. யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாட்கள் கழித்து வேறு எதையோ தேடும்போது தற்செயலாக என் கண்ணில் பட்டது. விசாரித்ததில், மென்பொருளை விற்றவர்கள் தொலைவிலிருந்து பராமரிப்பு செய்வதற்காக யாரிடமும் சொல்லாமல் திறந்த கணக்கு அது என்று தெரிந்தது. சேதம் எதுவும் இல்லை. ஆனால் திறந்தவர் வேறு யாராகவோ இருந்திருந்தால் அந்த இரண்டு நாட்களும் முழுக்க அவருடையவை. கருவி தன் வேலையைச் செய்திருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்த மனிதனுக்குத்தான் நான் வழி செய்து வைக்கவில்லை.

அந்த வரியைச் சுற்றி என்னென்ன இருந்தன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பெரும்பங்கு, தவறான கடவுச்சொல்லால் வரும் 4625 எண் பதிவுகள். அவற்றின் மூலத்தைத் தேடிப் போனால், புறநோயாளிகள் பிரிவில் இருந்த ஒரு ஸ்கேனர் அகப்பட்டது. ஸ்கேன் செய்த தாளைப் பகிர்வுக் கோப்புறையில் போடுவதற்காக அதில் ஒரு கடவுச்சொல்லைப் பதிந்து வைத்திருந்தார்கள். கடவுச்சொல் மாறிப் பல மாதங்கள் ஆகியும் ஸ்கேனருக்கு யாரும் சொல்லவில்லை. அது பாவம், பழைய சாவியை வைத்துக்கொண்டு இரவும் பகலும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. செவிலியர் அறைக் கணினி ஒன்றும் அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தது.

அடுத்தது இணையத்தில் இருந்த முன்பதிவுச் சர்வர். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வாசல் திறந்திருக்கும் எந்தச் சர்வரையும் உலகத்தின் ஏதோ மூலைகளிலிருந்து தானியங்கி நிரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். 'அட்மின்', 'டெஸ்ட்', 'ஆரக்கிள்' என்று இல்லாத பெயர்களையெல்லாம் போட்டுப் பார்க்கும். கண்காணிப்புக்காக நான் நிறுவியிருந்த வாசூ (Wazuh) என்ற திறந்தமூலக் கருவியில் இதற்கென்றே 5710 என்ற விதி உண்டு. அந்த விதி பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே யாரோ நுழையப் பார்க்கிறார்கள். ஆனால் கடவுச்சொல் நுழைவையே மூடிவிட்டு, சாவிக்கோப்பு உள்ளவரை மட்டும் அனுமதிக்கும் சர்வரில், இல்லாத பெயரைச் சொல்லி ஒருவர் தட்டினார் என்ற செய்தியை வைத்துக்கொண்டு நள்ளிரவில் அந்தத் தம்பி செய்வதற்கு எதுவுமே இல்லை.

பிறகு கோப்புகளின் மாற்றங்கள். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடும் திருத்தங்களைக் கணினிகள் நிறுவிக்கொள்ளும் இரவில், கணினி ஒவ்வொன்றிலும் ஏராளமான கோப்புகள் மாறும். மாறியது ஒவ்வொன்றும் ஒரு வரி. அது போதாதென்று, கருவி கணினிகளின் அமைப்பு நிலையைப் பாதுகாப்பு அளவுகோலோடு ஒப்பிட்டு, தேறாத உருப்படிகளையெல்லாம் முதல் வாரத்திலேயே எடுத்துக் கொட்டியிருந்தது. இந்தக் குவியலுக்கு நடுவில்தான் அந்த 4720 கிடந்தது.

இது என் ஒருவனுடைய கவனக்குறைவு மட்டும் என்று முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது எண்களின் இயல்பு என்பது புரிந்தது. ஸ்டெஃபான் ஆக்செல்சன் என்ற ஆய்வாளர் 1999லேயே இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒரு பேச்சுக்கு, நாள் ஒன்றுக்கு 1,00,000 நிகழ்வுகள் வருகின்றன என்றும், அவற்றில் 10 மட்டுமே உண்மையான தாக்குதல் என்றும் வைத்துக்கொள்வோம். கருவி அந்தப் பத்தையும் தவறாமல் பிடிக்கிறது. சாதாரண நிகழ்வுகளில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகத் தாக்குதல் என்று சொல்லிவிடுகிறது. கேட்பதற்கு மிக நல்ல கருவியாகத்தான் தோன்றும். ஆனால் நூற்றுக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 1,000 பொய் எச்சரிக்கைகள். திரையில் இருப்பவை 1,010. அவற்றில் உண்மை 10. தம்பி நூறு வரிகளைத் திறந்து பார்த்தால் ஒன்றுதான் உருப்படியாக இருக்கும். தொண்ணூற்றொன்பது முறை ஏமாந்த மனிதன் நூறாவது வரியையும் அதே கண்ணோடுதான் பார்ப்பான். அதை அவனுடைய சோம்பல் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

பணமும் ஆளும் தாராளமாக உள்ள இடங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்கள் வாங்கி நிறுவியிருந்த கருவி எச்சரித்திருந்தது. பெங்களூருவில் இருந்த கண்காணிப்புக் குழுவும் அதைத் தலைமையிடத்துக்குத் தெரிவித்திருந்தது. அங்கே அதன்மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. எச்சரிக்கை பிறப்பது ஒன்று. அது ஒருவர் கையில் வேலையாகப் போய்ச் சேருவது இன்னொன்று. எனக்கு இந்த இரண்டாவதில்தான் அக்கறை.

சரி, குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தாயிற்று. எதை வைத்துக் குறைப்பது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கருவியே தந்திருக்கும் தீவிர அளவு. வாசூவில் 0 முதல் 15 வரை அளவுகள் உண்டு. இயல்பாக 3உம் அதற்கு மேலும் உள்ளவை எச்சரிக்கையாகப் பதிவாகும். 12உம் அதற்கு மேலும் உள்ளவைதான் மின்னஞ்சலுக்குத் தகுதி பெறும். எனவே 12 முதல் மட்டும் காட்டினால் போதுமே என்று நானும் செய்து பார்த்தேன். திரை அப்போதும் நிறைந்தே இருந்தது. காரணம் சுவையானது. கணினியில் உள்ள மென்பொருள்களின் அறியப்பட்ட பலவீனங்களையும் இதே கருவி கண்டு சொல்கிறது. மிகத் தீவிரமான பலவீனத்துக்கு 13 என்று அளவு தருகிறது. பழைய பதிப்பு உலாவி ஒன்று பத்துக் கணினிகளில் இருந்தால் பத்துப் பதின்மூன்றுகள். அந்தப் பலவீனம் நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும். பகலில் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகப் புதுப்பித்து முடிக்க வேண்டிய வேலை அது. இப்போது, இந்த நிமிடத்தில், ஒருவர் உள்ளே நுழைகிறார் என்பது வேறு செய்தி. ஓட்டை இருக்கும் கூரையும் ஓடு பிரித்து இறங்கும் திருடனும் ஒரே அளவுகோலில் அளக்கப்பட்டிருந்தன. முதல் வேலையாகப் பலவீனங்களை மொத்தமாக வேறு பக்கத்துக்கு மாற்றினேன்.

போகிற போக்கில் ஒன்று சொல்ல வேண்டும். ஃபயர்வால் கணினியில் நெட்வொர்க்கில் போய்வரும் தரவைக் கண்காணிக்கும் சுரிகாட்டா என்ற இன்னொரு திறந்தமூலக் கருவி ஓடுகிறது. அதில் முன்னுரிமை 1 என்றால்தான் மிக அவசரம். எண் கூடக்கூட அவசரம் குறையும். வாசூவில் எண் கூடக்கூட அவசரம் கூடும். இரண்டையும் ஒரே திரையில் எண்களாக வைத்துவிட்டு, புதிதாக வந்தவரைப் பார்க்கச் சொல்வது அநியாயம். நாங்கள் எண்களை எடுத்துவிட்டு 'உடனே அழைக்கவும்', 'காலையில் பார்க்கவும்' என்று இரண்டே சொற்றொடர்களாக மாற்றிவிட்டோம்.

கடைசியில் அளவைக் கைவிட்டு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். இந்த வரி இரவு இரண்டு மணிக்கு வந்தால், அந்தத் தம்பி எழுந்து செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டா? உண்டு என்றால், என்ன காரியம், யாரை அழைக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுத முடிகிறதா? முடிந்தால் அது முதல் திரைக்கு. முடியாவிட்டால் எவ்வளவு பயங்கரமான பெயர் வைத்திருந்தாலும் பின்னால் போகட்டும்.

இந்தச் சல்லடையில் முதலில் ஆறு மட்டும் தங்கின. சர்வர்களில் புதிய கணக்கு திறக்கப்படுவதும், நிர்வாகிகள் குழுவில் யாராவது சேர்க்கப்படுவதும் ஒன்றாக முதலிடம் பெற்றன. விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேடு துடைக்கப்படுவது, அதாவது 1102, அடுத்தது. தடயத்தை அழிக்க வேண்டிய தேவை நல்லெண்ணத்தோடு வருபவருக்கு இருக்காது. வைரஸ் தடுப்பு மென்பொருள் எதையாவது பிடிப்பது அல்லது அதையே யாராவது நிறுத்துவது. பேக்கப் கோப்புறையில் குறுகிய நேரத்தில் ஏராளமான கோப்புகள் அழிவது அல்லது பெயர் மாறுவது. வழக்கமில்லாத நேரத்தில் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே ஒருவர் நுழைவது ஆகியவையும் அப்படியே தேறின. எனக்கு மிகவும் பிடித்தது, பலமுறை தோற்று அதே இடத்திலிருந்து ஒருமுறை வென்ற நுழைவு. தோற்ற நுழைவுகளைத் தனித்தனியாகக் காட்டினால் அது இரைச்சல். ஆனால் தட்டித் தட்டிப் பார்த்தவனுக்குக் கதவு திறந்துவிட்டது என்றால் அதுவே செய்தி. வாசூவில் இதற்கென்று விதி ஆயத்தமாகவே இருக்கிறது. ஏழாவதைப் பின்னால் சொல்கிறேன். அது நான் முதலில் மறந்துபோனது.

இங்கே ஒரு பெரிய பிழையைச் செய்ய இருந்தேன்; கடைசி நேரத்தில் தப்பினேன். எச்சரிக்கையாகப் பதிவாக வேண்டிய குறைந்தபட்ச அளவை 3லிருந்து 10க்கு உயர்த்திவிட்டால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். அமைப்புக் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றியும் விட்டேன். சேமிப்பதற்கு முன்னால்தான் யோசித்தேன். அந்த எல்லைக்குக் கீழே உள்ளவை திரையில் மறைவதோடு நிற்பதில்லை. எச்சரிக்கைப் பதிவேட்டிலேயே எழுதப்படுவதில்லை. எல்லா நிகழ்வுகளையும் தனியே சேமிக்கும் வசதி அந்தக் கருவியில் உண்டு என்றாலும், அது நிறுவும்போது மூடியே இருக்கும். ஆக, நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பவை உண்மையில் எங்குமே இருந்திருக்காது. நாளைக்கு ஒரு சம்பவம் நடந்து, மூன்று வாரங்களுக்கு முன்னால் அந்தக் கணினியில் யார் நுழைந்தார்கள் என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

சட்டமும் இதை அனுமதிக்காது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 28-04-2022 அன்று வெளியிட்ட வழிகாட்டு ஆணை, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆறு மணி நேரம் என்பது எவ்வளவு குறுகியது என்பதை, இரண்டு நாட்கள் கழித்துத் தற்செயலாகக் கண்டுபிடித்த எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதே ஆணை எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்றும் கேட்கிறது. எங்கள் மருந்தகத்தில் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி செத்துப்போன பழைய கணினி ஒன்று, மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அதன் பதிவுகள் எந்த நாளோடும் ஒட்டாமல் தனியே கிடந்தன. ஐம்பது ரூபாய் கூடப் பெறாத பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்தோடு இணைத்த பிறகுதான் அந்தக் கணினி சொல்வதை நம்ப முடிந்தது.

ஆகவே எல்லையை 3லேயே விட்டேன். எல்லாம் பதிவாகட்டும்; முதல் திரை மட்டும் வடிகட்டிய பார்வையாக இருக்கட்டும் என்று வைத்தேன். சுரிகாட்டாவிலும் இதே கவனம் வேண்டியிருந்தது. ஒரு விதியை அணைப்பதற்கும், ஒரு குறிப்பிட்ட முகவரியிலிருந்து வரும்போது மட்டும் அதை அடக்குவதற்கும், மணிக்கு ஒருமுறை மட்டும் சொல்லுமாறு மட்டுப்படுத்துவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒரு கேமரா பதிவுப்பெட்டி தொல்லை தருகிறது என்பதற்காக விதியையே அணைத்தால், நாளை அதே காரியத்தைப் பில்லிங் சர்வர் செய்யும்போதும் யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பெட்டியின் முகவரிக்கு மட்டும் அடக்கினால் போதும்.

அடக்கியது ஒவ்வொன்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுகிறோம்: எதை, ஏன், யார் சொல்லி, எந்தத் தேதி வரை. தேதி இல்லாமல் எதையும் அடக்குவதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தற்காலிகமாக மறைத்தது நிரந்தரமாகிவிடுவதை மூன்று அலுவலகங்களில் பார்த்தாயிற்று. மறைத்தவர் வேலையை விட்டுப் போய்விடுவார், மறைப்பு மட்டும் அங்கேயே இருக்கும்.

ஆனால் அடக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஸ்கேனரின் சத்தத்தை ஒரே வரியில் என்னால் மறைத்திருக்க முடியும். அதைச் செய்யாமல், புறநோயாளிகள் கூட்டம் குறைந்த ஒரு பிற்பகலில் போய், அதன் சின்னத் திரையில் ஓர் எழுத்தாக அமுக்கி அமுக்கிப் புதிய கடவுச்சொல்லைப் பதிந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. அன்று மாலையே 4625 பதிவுகள் கண்கூடாகச் சரிந்தன. இன்னொரு பலனும் கிடைத்தது: ஸ்கேன் செய்தால் கோப்பு வருவதில்லை என்று அந்தப் பிரிவில் இருந்த அக்கா மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த புகாரும் அத்தோடு தீர்ந்தது. அவர் வேறு வழியில்லாமல் தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். முதல் மாதத்தில் நான் தொட்ட இரைச்சல்களில் பாதிக்கு மேல் இப்படி எங்கோ ஒரு பழுதின் குரலாகத்தான் இருந்தன.

எச்சரிக்கையின் சொற்களும் மாறின. கருவி ஆங்கிலத்தில் தரும் விவரம், அந்தத் துறையிலேயே இருப்பவருக்குப் புரியும். மற்றவருக்கு அது இன்னொரு வரி. சொந்த விதிகளுக்கான கோப்பில் விவரத்தைத் தமிழிலேயே எழுதினேன். 'பில்லிங் சர்வரில் புதிய பயனர் கணக்கு திறக்கப்பட்டுள்ளது. கணக்கின் பெயரைக் குறித்துக்கொண்டு பொறுப்பாளரை உடனே தொலைபேசியில் அழைக்கவும். சர்வரை அணைக்க வேண்டாம்.' தமிழ் எழுத்துகள் திரையில் ஒழுங்காகவே தெரிந்தன. கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் அந்தத் தம்பிதான். பதற்றத்தில் முதலில் பிளக்கைப் பிடுங்கத்தான் கை போகும் என்றார், சரிதான்.

இனி அந்த ஏழாவது. ஐப்பசி இடிமழையில் ஒரு மாலை மின்னல் இறங்கி, ஆய்வகப் பக்கத்து நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று எரிந்துபோனது. ஆய்வகத்தின் கணினிகளும் முடிவுகளைச் சேமிக்கும் சர்வரும் கண்காணிப்பு அமைப்போடு பேசுவதை நிறுத்தின. அன்று இரவு முதல் திரை காலியாக இருந்தது. ஒரு வரி கூட இல்லை. அமைதியான இரவு என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். மறுநாள் ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து சொல்லித்தான் தெரிந்தது. ஒரு கணினியில் இருந்து செய்தி அனுப்பும் முகவர் நிரல் தொடர்பை இழந்தால் வாசூ அதைச் சொல்லாமல் இல்லை. 504 என்ற விதி சொல்கிறது. ஆனால் அதற்குக் கருவி தந்திருக்கும் அளவு வெறும் 3. ஒருவர் வழக்கம்போல் உள்ளே வந்து சென்றதற்கும், ஒரு சர்வர் வாய் அடைத்துப் போனதற்கும் ஒரே மதிப்பு. நான் போட்ட சல்லடையில் அது சத்தமில்லாமல் கீழே விழுந்திருந்தது.

என் அப்பா முட்டம் கடலில் வள்ளம் ஓட்டியவர். வானொலியில் வானிலை அறிவிப்பு வரும் நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. தூத்துக்குடியில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டால் போதும். மறுநாள் போவதா வேண்டாமா என்பது அங்கேயே தீர்மானமாகிவிடும். வானிலை மையத்தில் காற்றின் வேகம், அழுத்தம், திசை என்று எவ்வளவோ கணக்குகள் இருக்கும். துறைமுகத்தில் ஏறுவது ஒரே கூண்டு. முதல் இரண்டு எண்கள் தொலைவில் இருக்கும் புயலுக்கு, மூன்றும் நான்கும் துறைமுகத்தையே தொடக்கூடிய மோசமான வானிலைக்கு, ஐந்து முதல் ஏழு வரை அபாயத்துக்கு, எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயத்துக்கு. எல்லாவற்றுக்கும் மேலே பதினொன்று. அந்தப் பதினொன்றுக்குப் பொருள், வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுவிட்டது என்பது. பத்தாம் எண்ணுக்கும் மேலே அதை வைத்தவர்கள் கடலை அறிந்தவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கடலில் உருக்கொண்டபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்குக் கரையின் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்களிடமிருந்து கரைக்கும் ஒரு சொல் வரவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு எங்கள் ஊர்களில் பெண்கள் நின்ற நாட்களை நான் பார்த்திருக்கிறேன். சர்வரின் மௌனத்தை அதற்கு ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் செய்தி வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் என் வேலையில் இருக்கக் கூடாது என்று அந்த இடிமழைக்குப் பிறகு முடிவு செய்தேன்.

504ஐ அப்படியே முதல் திரைக்கு ஏற்றிவிடவும் முடியாது. மாலை ஆறு மணிக்கு அலுவலகக் கணினிகளை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அத்தனையும் தொடர்பு இழப்பாக வந்து குவியும். எனவே இரவும் பகலும் ஓட வேண்டியவற்றுக்கு மட்டும், அதாவது சர்வர்கள், ஃபயர்வால், ஆய்வகத்தின் சேமிப்பு ஆகியவற்றுக்கு மட்டும், 100000க்கு மேல் எண்ணிட்ட சொந்த விதி ஒன்றை எழுதி, அளவை 12 ஆக்கினேன். இப்போது அவற்றில் ஒன்று பேசாமல் போனால் திரை பேசுகிறது.

என் நண்பர் ஒருவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நீ மறைத்து வைத்த வரிகளுக்குள் ஒரு தாக்குதல் இருந்து, பின்னால் அது வெளிவந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. திருடிய சரியான கடவுச்சொல்லோடு, வேலை நேரத்தில், அவசரப்படாமல் உள்ளே வரும் ஒருவரை என் முதல் திரை பிடிக்காது. அது வழக்கமான நுழைவாகத்தான் தெரியும். அதற்காகத்தான் பின்னால் உள்ளவற்றைப் பகலில், தூங்கி எழுந்த கண்ணோடு, ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறோம். வரி வரியாகப் பார்ப்பதில்லை. வகை வகையாக எண்ணிக்கையைப் பார்க்கிறோம். முன்பதிவுச் சர்வரைத் தட்டும் சத்தம் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறினாலும் கவனிக்கிறோம், திடீரென்று நின்றுபோனாலும் கவனிக்கிறோம். சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பயனரை எடுத்துக்கொண்டு, அந்த வாரம் அவர் எங்கெங்கே நுழைந்தார் என்று அவரிடமே காட்டிக் கேட்கிறோம். எல்லாவற்றையும் காட்டிய நாட்களில் யாருக்கும் இதற்கு நேரம் இருந்ததில்லை. நண்பருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

ஆறில் தொடங்கிய முதல் திரை இப்போது பதினொன்றில் நிற்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றால் திங்கட்கிழமை அதை ஒரு வாரச் சோதனைக்கு ஏற்றுவோம். வந்த வரிகளுக்கு அந்த வாரத்தில் யாராவது ஏதாவது செய்தார்களா என்பதை அடுத்த திங்களன்று நோட்டைப் பார்த்து முடிவு செய்வோம். சென்ற வாரம் ஏற்றியது, கணினியில் பென் டிரைவ் செருகினால் வரும் எச்சரிக்கை. புதன்கிழமைக்குள் எக்ஸ்ரே அறையிலிருந்து மட்டும் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. நோயாளிகள் படங்களைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போவது அங்கே அன்றாட வழக்கம். அந்த அறையின் கணினியை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி நெட்வொர்க்கில் வைக்கும் வேலையைப் பகல் பட்டியலில் சேர்த்துவிட்டு, பில்லிங்கிலும் சர்வர் அறையிலும் மட்டும் இந்த எச்சரிக்கை இருக்கட்டும் என்று தம்பி நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதி போட்டிருக்கிறார்.